செவிக்கடன்

1969-ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் லண்டன் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் நான்கு பேர் கூடி வாசித்தார்கள். டெனர் சாக்ஸபோனில் டப்பி ஹேய்ஸ், பியானோவில் மைக் பைன், டபுள் பேஸில் ரான் மாத்யூசன், டிரம்ஸில் ஸ்பைக் வெல்ஸ். ஹேய்ஸுக்கு அப்போது 34 வயது. வாசித்து முடித்ததும் நாடாச் சுருள்களைப் பெட்டியில் வைத்து மூடினார்கள். பெட்டி அலமாரிக்குப் போயிற்று. ஃபொன்டானா இசைத்தட்டு நிறுவனம் அந்த இசையை வெளியிடவில்லை. மறு ஆண்டு ஹேய்ஸின் பெயரில் அது கொண்டுவந்த தட்டு வேறு. அன்றைய பாப் பாடல்களின் மெட்டுகளைப் பெரிய இசைக்குழு ஒன்று வாசித்த தட்டு அது. 1973 ஜூன் 8 அன்று இதய அறுவை சிகிச்சையின்போது ஹேய்ஸ் இறந்துபோனார். வயது 38. அலமாரியில் கிடந்த அந்த நால்வரின் இசை 2019-ல்தான் வெளியே வந்தது. இடையில் ஐம்பது ஆண்டுகள்.

அந்த நால்வரின் தட்டை நான் முதன்முதலில் கேட்டது ஒரு பின்னிரவில். சாக்ஸபோன் நுழைந்த வேகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஹேய்ஸின் வாசிப்பில் ஒரு மூச்சு எங்கே முடிகிறது, அடுத்த மூச்சு எங்கே தொடங்குகிறது என்பது பிடிபடாது. சுரங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வரும். ஆனாலும் ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் வந்து விழும். மனோதர்மம் என்று நாம் சொல்வோமே, மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கணத்தில் மனம் போகும் வழியில் அதை வளர்த்துச் செல்வது, அதுதான் ஜாஸின் உயிரும். கேட்டு முடித்ததும் முதலில் மகிழ்ச்சி வந்தது. அதன் பின்னாலேயே ஒரு சங்கடமும் வந்தது. இவ்வளவு காலம் இது எங்கே இருந்தது? இதை வேண்டாம் என்று ஒதுக்கியது எது?

காலம் ஒரு முறம் என்று நம்பி வளர்ந்தவன் நான். அது புடைத்துப் புடைத்துப் பதரைத் தள்ளிவிடும், மணி மட்டும் தங்கும். நல்ல கவிதையும் நல்ல பாட்டும் எப்படியும் பிழைத்துக்கொள்ளும். மறக்கப்பட்டது மறக்கத் தகுந்ததாகத்தான் இருந்திருக்கும். இந்த நம்பிக்கையில் ஒரு சுகம் உண்டு. தேடிப்போகும் வேலையிலிருந்து அது நம்மை விடுவித்துவிடுகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டிஷ் ஜாஸ் ஒலிப்பதிவுகளைத் தேடித் தேடிக் கேட்க ஆரம்பித்தபின் என்னிடம் அந்த நம்பிக்கை நிற்கவில்லை. காலத்துக்குக் கைகள் கிடையாது. முறத்தைப் பிடித்திருப்பவர்கள் மனிதர்கள்தான்.

கதை போருக்கு முன்பே தொடங்குகிறது. 1935-லிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அமெரிக்க இசைக்குழுக்கள் பிரிட்டனில் வாசிக்க முடியவில்லை. பிரிட்டிஷ் இசைக்கலைஞர்களின் சங்கம் வற்புறுத்த, தொழிலாளர் அமைச்சகம் வேலை அனுமதி தர மறுத்தது. அமெரிக்கச் சங்கமும் பிரிட்டிஷ் குழுக்களை உள்ளே விடவில்லை. 1949-ல் அமெரிக்கக் கலைஞர் சிட்னி பெஷே லண்டன் மேடையில் ஏறி வாசித்துவிட்டார் என்பதற்காக, நிகழ்ச்சியை நடத்தியவர்கள் நீதிமன்றத்தில் நின்று அபராதம் கட்டினார்கள். 1956-ல் ஸ்டான் கென்டனின் குழு இங்கிலாந்துக்கும், டெட் ஹீத்தின் குழு அமெரிக்காவுக்கும் பண்டமாற்றுப் போலப் போய்வந்த பிறகுதான் கதவு திறந்தது.

நடுவில் வளர்ந்த இளைஞர்களின் தாகத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் 78 சுழற்சி இசைத்தட்டுகள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிட இசை. அதையே தேயத் தேயக் கேட்டார்கள். அதுவும் போதாதபோது கப்பல் ஏறினார்கள். அட்லாண்டிக்கைக் கடக்கும் பயணிகள் கப்பல்களுக்கு வாத்தியக்காரர்களை அனுப்பிவந்தவர் ஜெரால்டோ என்ற குழுத்தலைவர். அப்படிப் போனவர்களை ‘ஜெரால்டோவின் கடற்படை’ என்றே அழைத்தார்கள். ரானி ஸ்காட்டும் ஜான் டாங்க்வொர்த்தும் அந்தக் கடற்படையில் இருந்தவர்கள். கப்பலில் பயணிகளின் நடனத்துக்கு வாசித்துக்கொண்டே போய், நியூயார்க்கில் கரை இறங்கியதும் 52-ஆம் தெருவுக்கு விரைந்து, சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கரின் ‘பீபாப்’ என்ற புதிய இசையைக் காதாரக் கேட்டார்கள். 1948-ல் லண்டன் சோஹோ பகுதியின் கிரேட் விண்ட்மில் தெருவில் அவர்கள் சேர்ந்து ‘கிளப் லெவன்’ என்ற இடத்தைத் தொடங்கினார்கள். வாத்தியக்காரர்கள் பத்துப் பேர், மேலாளர் ஒருவர், ஆகப் பதினொன்று. பிரிட்டனில் பீபாப் இசைக்குக் கிடைத்த முதல் வீடு அது.

ஒரு சில இரவுகள் ஒரு மேதையைக் கேட்பதற்காகக் கடல் கடந்து போன அந்த இளைஞர்களை நான் வணங்குகிறேன். ஜாஸ் அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகுக்குக் கொடுத்த செல்வம். அதன் ஊற்றைத் தேடிப் போனது நியாயம். ஆனால் அந்தத் தாகம் கேட்பவர்களிடம் ஒரு பழக்கத்தையும் விட்டுச் சென்றது. நல்ல இசை கடலுக்கு அப்பாலிருந்துதான் வரும், பக்கத்துத் தெருவில் வாசிப்பவன் எவ்வளவு வாசித்தாலும் நகல்தான் என்ற பழக்கம். கண் ஒன்றைப் பார்க்கும் முன்பே மனம் தீர்ப்பு எழுதிவிடுவது போல, காதும் கேட்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிடும்.

1959 அக்டோபர் 30 அன்று ஜெரார்டு தெருவில் ஒரு நிலவறையில் ரானி ஸ்காட் தன் கிளப்பைத் திறந்தார். 1961-ல் முதல் அமெரிக்க விருந்தினராக ஸூட் சிம்ஸ் வந்தார். சங்க விதிப்படி அவருக்கு ஈடாக நியூயார்க்கின் ‘ஹாஃப் நோட்’ கிளப்புக்கு வாசிக்கப் போனவர் டப்பி ஹேய்ஸ். அதன்பின் பெரிய பெயர்கள் வரிசையாக வந்தன. வந்தவர்களுக்கெல்லாம் பியானோவில் துணை வாசித்தவர் ஸ்டான் டிரேசி. இரவு இரவாக, ஏறக்குறைய ஏழு ஆண்டுகள். அப்படி வந்த சன்னி ரோலின்ஸ் அவருடைய வாசிப்பைக் கேட்டுவிட்டு, இந்த மனிதர் எவ்வளவு பெரிய கலைஞர் என்பது இங்கே யாருக்காவது தெரிகிறதா என்று கேட்டாராம். கிளப்புக்கு வந்தவர்களின் கண் விருந்தாளியின் மேல் இருந்தது. பின்னால் அமர்ந்து மேடையையே தாங்கிக்கொண்டிருந்தவரை எத்தனை பேர் கேட்டார்கள்? 1965-ல் டிலன் தாமஸின் வானொலி நாடகத்தால் கவரப்பட்டு டிரேசி ‘அண்டர் மில்க் வுட்’ என்ற இசைத்தொகுப்பைப் பதிவுசெய்தார். அதில் பாபி வெலின்ஸின் சாக்ஸபோன் ஓர் உறங்கும் ஊரின் மேல் நகரும் மூடுபனி போல ஒலிக்கிறது. அதை உருவாக்கிய டிரேசி, 1970களின் தொடக்கத்தில் வாய்ப்புகள் வற்றிப்போய், தபால்காரர் வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கும் நிலைக்கு வந்தார். மனைவி ஜாக்கி அவரைத் தடுத்து இசையிலேயே நிறுத்தினார்.

இந்தக் கதையில் என்னை மிகவும் உலுக்கியவர் ஜோ ஹாரியட். 1928-ல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தவர். கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய ஆல்ஃபா சிறுவர் பள்ளியில் வளர்ந்து, அங்கேயே வாத்தியம் கற்றவர். 1951-ல் பிரிட்டனுக்கு வந்தார். வாடகை வீட்டு வாசல்களில் கறுப்பர்களுக்கு இடமில்லை என்று எழுதி வைத்திருந்த காலம். பார்க்கரின் வழியில் ஆல்டோ சாக்ஸபோன் வாசிப்பதில் லண்டனில் அவருக்கு இணை சொல்லுவது கடினம். அந்தப் புகழே ஒருவருக்குப் போதும். ஆனால் 1950களின் இறுதியில் நுரையீரல் நோயால் மருத்துவமனையில் நாள்கணக்காகப் படுத்திருந்தபோது, இதுவரை யாரும் வாசிக்காத ஓர் இசை அவர் மனத்தில் வடிவம் கொண்டது.

எழுந்து வந்ததும் அதை வாசிக்கத் துணிந்தார். செயிண்ட் வின்சென்ட் தீவிலிருந்து வந்த ஷேக் கீன் டிரம்பெட்டிலும் ஃப்ளூகல்ஹார்னிலும் துணை நின்றார். அவர் கவிஞர். ‘ஷேக்’ என்ற பட்டப்பெயரே ஷேக்ஸ்பியரிலிருந்து வந்தது. டபுள் பேஸ் வாசித்த கோல்ரிட்ஜ் கூட், ஜமைக்காவிலிருந்து பொறியியல் படிக்க ஸ்காட்லாந்துக்கு வந்து, இசைக்கு மாறியவர். பியானோவில் ஸ்காட்லாந்துக்காரரான பாட் ஸ்மைத். டிரம்ஸில் ஃபில் சீமன். 1960-ல் இந்த ஐவர் பதிவுசெய்த தட்டு ‘ஃப்ரீ ஃபார்ம்’. அடுத்தது ‘ஆப்ஸ்ட்ராக்ட்’. நிலையான தாளம், மெட்டு, எதிர்பார்க்கும் வழியில் நகரும் சுரக்கூட்டு, ஆவர்த்தனக் கணக்கு என்று ஜாஸ் தாங்கி நிற்கும் தூண்களில் ஏதேனும் ஒன்றை வைத்துக்கொள்வோம், மனநிலை கேட்டால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடுவோம் என்பது ஹாரியட் தனக்கு வகுத்துக்கொண்ட நெறி.

அந்தத் தட்டுகளை இன்று கேட்கும்போது முதலில் மனத்தில் பதிவது அவற்றின் இடைவெளிகள். பாய்ந்து வரும் சாக்ஸபோன் சட்டென்று நிற்கும். ஐவரும் மௌனமாவார்கள். அந்த மௌனத்தில் யார் அடுத்து வாய் திறப்பார் என்று யாருக்கும் தெரியாது. பேஸ் ஒற்றைத் தந்தியைத் தொடும். அதைக் கேட்டு பியானோ பதில் சொல்லும். அந்தப் பதிலைக் கேட்டு டிரம்பெட் ஒரு கேள்வி வைக்கும். எழுதிவைத்த வழி இல்லாததால், கேட்பது ஒன்றே அவர்களுக்கு வழி. ஒருவர் ஒரு நொடி அசந்தாலும் இசை அங்கேயே அறுந்துபோகும். அறுந்துபோகவே இல்லை.

அதே 1960-ன் டிசம்பரில்தான் நியூயார்க்கில் ஆர்னெட் கோல்மன் தன் ‘ஃப்ரீ ஜாஸ்’ தட்டைப் பதிவுசெய்தார். இருவரும் வெவ்வேறு வழியில் நடந்தவர்கள். என்றாலும் ஹாரியட்டைக் கோல்மனைப் பின்பற்றுபவர் என்று சொல்லிக் கடந்துபோனவர்கள் பலர். ‘ஆப்ஸ்ட்ராக்ட்’ தட்டுக்கு அமெரிக்காவின் ‘டவுன்பீட்’ இதழ் ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. அந்தப் பாராட்டும் லண்டனில் அவருக்கு வாழ்க்கை தரவில்லை. புதிய இசைக்குக் கூட்டம் சேரவில்லை. வயிற்றுப்பாட்டுக்குப் பழைய மெட்டுகளையே வாசிக்க வேண்டியிருந்தது.

ஆனாலும் அவர் ஓயவில்லை. கல்கத்தாவில் பிறந்து, 1952-ல் லண்டன் ராயல் இசை அகாடமிக்குப் படிக்க வந்து, பெரிய சிம்பொனிக் குழுக்களில் வயலின் வாசித்தவர் ஜான் மேயர். அவருடைய இயக்கத்தில் ஹாரியட்டின் ஐவரும், இந்திய இசைப் பக்கத்திலிருந்து வந்த ஐவரும் எதிரெதிரே அமர்ந்தார்கள். திவான் மோதிஹாரின் சிதாரும் கேசவ் சாத்தேயின் தபலாவும் ஹாரியட்டின் சாக்ஸபோனோடு பேசின. 1966-ல் ‘இண்டோ ஜாஸ் சூட்’ வெளிவந்தது. மேயர் ராகத்தை அலங்காரமாக ஒட்டவைக்கவில்லை. அதன் ஆரோகண அவரோகணத்தைச் சட்டமாக வைத்து, அதற்குள் ஜாஸ் கலைஞர்களை நடக்கச் சொன்னார். ஹாரியட் நடந்தார். தன் பழைய வழியிலேயே ஒரு தூணை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டார்.

1969-ல் பம்பாயிலிருந்து வந்த கிட்டார் கலைஞர் அமான்சியோ டி’சில்வாவுடன் சேர்ந்து அவர் பதிவுசெய்த தட்டின் பெயர் ‘ஹம் தோனோ’. இந்தியில் ‘நாம் இருவரும்’. இயன் காரின் டிரம்பெட்டும், அப்போது இளம் பாடகியாக இருந்த நார்மா வின்ஸ்டனின் சொல்லில்லாத குரலும் அதில் உண்டு. கரீபியத் தீவிலிருந்து ஒருவர், அரபிக்கடல் கரையிலிருந்து ஒருவர், லண்டனில் பிறந்த ஒரு பெண். மூன்று திசைகளிலிருந்து வந்தவர்கள் ஓர் அறையில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கிட்டாரில் ஆலாபனையின் நிதானம் இருக்கிறது. ஹாரியட் அதைக் குறுக்கிடாமல் காத்திருந்து, அது விட்ட இடத்தில் தொட்டு எடுக்கிறார். அந்தத் தட்டு சிறு எண்ணிக்கையில் வந்து, விரைவில் கடைகளிலிருந்து மறைந்துபோனது. ஹாரியட்டின் கடைசிக் காலம் ஊர் ஊராகப் போய், அங்கங்கே கிடைத்த துணைக்கலைஞர்களோடு வாசித்து, நண்பர்கள் வீட்டில் தங்கிக் கழிந்தது. 1973 ஜனவரி 2 அன்று சவுத்தாம்ப்டனில் இறந்தார். வயது 44. டப்பி ஹேய்ஸ் இறப்பதற்கு ஐந்து மாதம் முன்பு.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். பியானோ கலைஞர் மைக் டெய்லர். ‘பெண்டுலம்’, ‘டிரையோ’ என்று இரண்டே தட்டுகள். நன்றாகத் தெரிந்த பழைய பாட்டை எடுத்து, எலும்புவரை சீவி, அந்நியமான புதிய உருவமாக நிறுத்திக்காட்டும் இசை. 1968-ல் ‘கிரீம்’ என்ற ராக் குழு வெளியிட்ட ‘வீல்ஸ் ஆஃப் ஃபயர்’ அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அதில் மூன்று பாட்டுகள் டெய்லர், அந்தக் குழுவின் ஜிஞ்சர் பேக்கரோடு சேர்ந்து எழுதியவை. அந்தப் பாட்டுகள் உலகமெங்கும் ஒலித்த நாட்களில் அவர் வீடு வாசலின்றித் திரிந்துகொண்டிருந்தார். 1969 ஜனவரியில் தேம்ஸ் நதி கடலில் கலக்கும் பகுதியில் அவர் உடல் கரை ஒதுங்கியது. முப்பது வயது. உலகம் அவருடைய மெட்டைக் கேட்டது, அவரைக் கேட்கவில்லை.

இவர்களின் தட்டுகள் எப்படி மறைந்தன என்று தேடினால் ஒரு கொடியவனும் அகப்படமாட்டான். அதுதான் எனக்கு அச்சம் தருவது. ஹாரியட், டிரேசி, மேயர், டி’சில்வா, டெய்லர், டான் ரெண்டெல்–இயன் கார் ஐவர் குழு என்று எல்லோரையும் பதிவுசெய்தவர் டெனிஸ் பிரெஸ்டன் என்ற தனி மனிதர். எந்தப் பெரிய கம்பெனியையும் சாராமல், ஹாலந்து பார்க் பகுதியில் லான்ஸ்டவுன் ஒலிப்பதிவுக் கூடத்தை வைத்துக்கொண்டு, தான் நம்பிய இசையைத் தானே பதிவுசெய்து, நாடாவை ஈ.எம்.ஐ.யின் கொலம்பியா போன்ற பெரிய நிறுவனங்களுக்குக் கொடுத்தார். அவர் கேட்டார். அவர் கேட்டதால்தான் இன்று நமக்குக் கேட்க ஏதோ மிஞ்சியிருக்கிறது. ஆனால் தட்டு எத்தனை பிரதி அச்சாகும், எத்தனை நாள் பட்டியலில் இருக்கும் என்பதெல்லாம் அவர் கையில் இல்லை. 1963-க்குப் பிறகு பீட்டில்ஸும் அவர்களைப் பின்தொடர்ந்த குழுக்களும் லட்சக்கணக்கில் விற்றபோது, சில நூறு விற்கும் தட்டு கணக்குப் புத்தகத்தில் ஒரு தொந்தரவு. பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். சொந்தச் செலவில் தட்டு போட்டவர்களோ 99 பிரதியோடு நிறுத்திக்கொண்டார்கள். நூறைத் தொட்டால் கொள்முதல் வரி.

பி.பி.சி. வானொலியும் தொலைக்காட்சியும் வாரந்தோறும் ஜாஸ் ஒலிபரப்பின. நாடா விலை அதிகம் என்பதால், ஒலிபரப்பியதை அழித்துவிட்டு அதன் மேலேயே அடுத்ததைப் பதிவுசெய்தார்கள். நிறுவனங்கள் கைமாறின. 1980-ல் டெக்கா பாலிகிராமுக்குப் போனது. 1998-ல் பாலிகிராம் யுனிவர்சலோடு சேர்ந்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பெட்டிகள் கிடங்கு மாறும். மேலே ஒட்டிய சீட்டு உதிரும். உள்ளே இருப்பது இன்னதென்று அறிந்தவர் ஓய்வுபெற்றுப் போவார். ஒருவரும் இந்த இசையைக் கொல்ல நினைக்கவில்லை. தன் வேலையைத் தன் அளவில் ஒழுங்காகச் செய்தவர்களே சேர்ந்து இதை மறக்கடித்தார்கள்.

மீட்டவர்களும் அப்படிச் சிறு சிறு வேலை செய்தவர்கள்தான். ஒலிபரப்பு நாளன்று வானொலியின் அருகில் சொந்த டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவுசெய்து, சுருள் பெட்டியின் மேல் தேதியும் வாசித்தவர்கள் பெயரும் எழுதிவைத்த நேயர்கள். பழைய கடைகளின் மூலையில் குந்தி உட்கார்ந்து தட்டுகளைப் புரட்டியவர்கள். 1988-ல் டிரம்பெட் கலைஞர் டிக்பி ஃபேர்வெதர் முன்னின்று எஸ்ஸெக்ஸின் லாட்டன் ஊரில் தேசிய ஜாஸ் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். 2002-ல் வானொலித் தொகுப்பாளர் ஜில்ஸ் பீட்டர்சன் ‘இம்ப்ரெஸ்டு’ என்ற தொகுப்பில் இந்த இசையை ஒரு புதிய தலைமுறையின் முன் வைத்தார். கோல்ரிட்ஜ் கூட்டின் தன்வரலாறும், ஆலன் ராபர்ட்சன் எழுதிய ஹாரியட் வரலாறும் அதே காலத்தில் வந்தன. டான் ரெண்டெலும் இயன் காரும் சேர்ந்து பதிவுசெய்த ஐந்து தட்டுகளும் 2018-ல் ஒரே பெட்டியாக மறுபடி வந்தன. டி’சில்வா 1970களின் தொடக்கத்தில் பதிவுசெய்து கிடப்பில் போன ‘கொங்கண் டான்ஸ்’ இந்த நூற்றாண்டில்தான் வெளிச்சம் கண்டது. இந்த உழைப்புக்கு நான் கடன்பட்டவன். அது இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை.

ஆனால் இந்த மீட்பின் மகிழ்ச்சியில் ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. ‘பெண்டுலம்’ போன்ற தட்டுகளின் அசல் பிரதி இன்று ஆயிரம் பவுண்டுக்கு மேலும் விலைபோகிறது. அந்தப் பணத்தில் ஒரு பென்னிகூட டெய்லரின் பசிக்குப் போகாது. ஹாரியட்டுக்கு ஓர் இரவு தங்க இடம் தராது. கண்டெடுத்தல் இசையைக் காப்பாற்றும். இசைத்தவரைக் காப்பாற்றாது. நாம் மறக்கப்பட்ட ஒரு மேதையைக் கண்டுபிடித்தோம் என்று சொல்லும்போது, நம்மை நாமே பாராட்டிக்கொள்கிறோம். அவர் தொலைந்துபோகவில்லை. ஒவ்வோர் இரவும் விளம்பரப்படுத்திய நேரத்தில், விளம்பரப்படுத்திய இடத்தில், சாக்ஸபோனைத் தூக்கி வாசித்துக்கொண்டிருந்தார். காலி நாற்காலிகள்தான் வராதவர்களுடையவை.

அப்படியானால் தாமதமாகக் கேட்பது வீணா? அந்தப் பின்னிரவுக்குப் பிறகு இந்தக் கேள்வியோடு பல மாதம் இருந்தேன். ‘ஃப்ரீ ஃபார்ம்’ தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். விடை அந்த இசைக்குள்ளேயே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த ஐவரும் செய்தது என்ன? ஒருவர் ஒரு சுரத்தை வைத்தார்; மற்றவர் அதை அக்கணமே கேட்டார். கேட்டதற்குத் தன் வாத்தியத்தால் அக்கணமே பதில் சொன்னார். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒருவர் விட்டிருந்தால் அந்தச் சுரம் அனாதையாகப் போயிருக்கும். பின்னால் எவ்வளவு பெரிய பதில் வந்தாலும் அது அந்தச் சுரத்துக்கான பதில் ஆகாது. அவர்கள் ஒருவரையொருவர் உரிய நேரத்தில் கேட்டார்கள். உலகம் அவர்களைப் பல பத்தாண்டுகள் கழித்துக் கேட்டது. அந்தத் தட்டு எனக்கு இரண்டையும் ஒன்றாகக் காட்டுகிறது: கேட்பது எப்படி என்பதையும், கேளாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும்.

கேட்பதற்கு ஒரு காலம் உண்டு. இதுதான் நான் கற்றது. நெல்லுக்குத் தண்ணீர் எப்போது வேண்டுமோ அப்போது பாய வேண்டும். அறுப்புக்குப் பின் நிறைகிற ஏரி அந்தப் பயிருக்கு உதவாது. கலைக்குக் கேட்பவரின் செவியும் அப்படித்தான். பாராட்டு என்பது புகழாரம் மட்டும் இல்லை. அது அடுத்த மாதச் சோறு, அடுத்த தட்டைப் பதிவுசெய்யும் துணிவு, நான் பைத்தியக்காரன் இல்லை என்று இரவில் ஒருவர் தனக்குச் சொல்லிக்கொள்ளும் தைரியம். செத்தபின் கட்டும் கடனில் வட்டி போகலாம். முதல் அப்படியே நிற்கும்.

நல்லவேளையாக, சிலருக்குக் கடன் உயிரோடு இருக்கும்போதே திரும்பியது. கோல்ரிட்ஜ் கூட் தன் பழைய தட்டுகள் மறுபடி பேசப்படுவதைக் கண்டு, 2015-ல் நூறு வயதில் மறைந்தார். 1969-ல் ஹேய்ஸுக்கு டிரம்ஸ் வாசித்த இளைஞர் ஸ்பைக் வெல்ஸ், பின்னாளில் ஆங்கிலிக்கத் திருச்சபையின் பாதிரியாராகி, எழுபது வயதைக் கடந்தபின், தன் இருபதுகளில் வாசித்த அந்த இசை வெளிவருவதைக் கேட்டார். டிரேசி தபால்காரராகவில்லை. 2013-ல் இறக்கும்வரை பியானோ முன் அமர்ந்திருந்தார். அவருக்கு நிறுவனமோ பட்டமோ அந்தக் கெட்ட ஆண்டுகளில் கைகொடுக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒருவர் அவரைக் கேட்டார். நீ நிறுத்தக் கூடாது என்று சொன்னார். ஒரு கலைஞரைக் காப்பாற்ற ஒரு செவி போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எனவே வாசகரே, ‘ஃப்ரீ ஃபார்ம்’ தட்டைத் தேடிக் கேளுங்கள். ‘ஹம் தோனோ’வைக் கேளுங்கள். ஐம்பது ஆண்டு காத்திருந்த டப்பி ஹேய்ஸின் இசையை விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். கேட்டு முடித்தபின் அந்தச் செவியோடு வெளியே வாருங்கள். உங்கள் ஊரில், நீங்கள் அன்றாடம் கடந்துபோகும் ஏதோ ஒரு கூடத்தில், யாரோ ஒருவர் பத்துப் பேருக்கு முன்னால் வாசித்துக்கொண்டிருக்கிறார். அவர் எழுதியதை யாரும் அச்சிட்டிருக்கமாட்டார்கள். அவர் பாடியதை யாரும் பதிவுசெய்திருக்கமாட்டார்கள். பெரிய இடத்திலிருந்து சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இந்த வாரமே போய் முன்வரிசையில் உட்காருங்கள். முடிந்ததும் அருகே சென்று, உங்களைக் கேட்டேன் என்று சொல்லுங்கள். செவிக்கடனை உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் கட்ட முடியும்.